கோளாறு கணினியிலா, நிர்வாகத்திலா? இணையத் தாக்குதல்களை அறிகுறி வழியே கண்டறிந்து சரிசெய்யும் முறை

2016 பிப்ரவரி 5 அன்று வங்காளதேச மத்திய வங்கியில் ஓர் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவுகளை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியே நடக்கும் பணப் பரிமாற்றங்களை அச்சிட்டுத் தருவதற்காக வைக்கப்பட்டிருந்த பொறி அது. வழக்கமாக வரும் கோளாறுதான் என்று பணியாளர்கள் எண்ணினார்கள். உள்ளே புகுந்திருந்தவர்களோ, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை வெளியே மாற்றச் சொல்லி அதற்குள் 35 உத்தரவுகளை அனுப்பிவிட்டிருந்தார்கள். பெரும்பாலான உத்தரவுகள் தடுக்கப்பட்டன. ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பரிமாற்றங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்தது.

பெரிய ஊடுருவல் சிறிய அறிகுறியாக வெளிப்படுவது இந்தத் துறையில் அரிதன்று. அதனால்தான் இந்த வழிமுறையைத் தாக்குதல் வகைகளின் பெயர்களைக் கொண்டு பிரிக்காமல், பணியாளர் ஒருவர் தம் கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகளைக் கொண்டு பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இயந்திரத்தில் எது பழுதானது என்பது ஒன்று. அந்தப் பழுதுக்கு இடம் கொடுத்த முடிவை யார் எடுத்தார், அல்லது யாருமே எடுக்காமல் விட்டார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனத்துக்கு அதே கோளாறு வேறு வேடத்தில் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

எந்த அறிகுறியானாலும், முதலில் நேரத்தையும் பார்த்தவரின் பெயரையும் பார்த்ததையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். திரையை அலைபேசியால் படம் எடுத்து வைப்பது நல்லது. அடுத்து, ஐயத்துக்குரிய கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. தற்காலிக நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தீநிரலின் தடயங்களும், சில வேளைகளில் கோப்புகளைப் பூட்டிய சாவியுமே இருக்கக்கூடும்; மின்சாரம் போனால் அவை அழிந்துவிடும். கோப்புகள் கண்ணெதிரே பூட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன, வலையமைப்பைத் துண்டிக்கவும் வழியில்லை என்ற நிலையில் மட்டும் மின்சாரத்தை நிறுத்துவது நியாயம்.

ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் அரண்), விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான வழி), மின்னஞ்சல் சர்வர் ஆகியவற்றின் லாக் பதிவுகளை (நடந்தவை பற்றிய தானியங்கிக் குறிப்புகளை) உடனே வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். பல சாதனங்கள் சில நாட்களிலேயே பழைய பதிவுகளின் மேல் புதியவற்றை எழுதிவிடும். இந்தச் சம்பவம் பற்றிய பேச்சு அலுவலக மின்னஞ்சலில் நடக்கக் கூடாது, ஏனெனில் ஊடுருவியவர் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம். தொலைபேசியிலோ, நிறுவனக் கணக்கோடு தொடர்பில்லாத வேறொரு வழியிலோ பேசிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு நிர்வாகப் பிழை வெளிப்படலாம். முக்கியமான ஒரு சர்வரைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால், அதிகாரம் எழுத்தில் வழங்கப்படவில்லை என்று பொருள். இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர் யாரையும் கேட்காமல் எவற்றைத் துண்டிக்கலாம், எவற்றுக்கு யாரை எழுப்ப வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில், அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். சர்வரில் மட்டும் வைத்திருக்கும் அவசரத் திட்டம் அந்தச் சர்வரோடு சேர்ந்து பூட்டப்பட்டுவிடும்.

அறிகுறி: கோப்புகள் திறக்கவில்லை, ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் குறிப்பு இருக்கிறது

இது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் என்ற தீநிரல் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் கோப்புகள் பூட்டப்பட்ட நாளை ஊடுருவல் நடந்த நாளாக எண்ணிவிடக் கூடாது. தாக்குபவர்கள் பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோ முன்பே உள்ளே வந்து, நிர்வாகிக் கணக்கைக் கைப்பற்றி, தரவை வெளியே நகலெடுத்து, காப்புப் பிரதிகளை அழித்த பிறகே பூட்டத் தொடங்குகிறார்கள். நாம் பார்ப்பது அவர்களுடைய வேலையின் கடைசிப் படி.

முதலில் காப்புப் பிரதி சர்வரை வலையமைப்பிலிருந்து பிரிக்க வேண்டும். அதைத் திறந்து சோதிப்பது பிறகு ஆகட்டும். பின்னர் கிளை அலுவலகங்களோடுள்ள இணைப்புகளையும் விபிஎன் வாயிலையும் மூட வேண்டும். பூட்டப்பட்ட கோப்புகள் சிலவற்றின் பண்புகளைப் பார்த்தால், அவற்றைக் கடைசியாக மாற்றிய கணக்கு எது என்பது பல நேரங்களில் தெரியவரும். தேடலை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம். பணம் கேட்கும் குறிப்பையும் பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய நோ மோர் ரேன்சம் திட்டத்தில் சில ரேன்சம்வேர் வகைகளுக்கான திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களுடையது அவற்றுள் ஒன்றாக இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். பார்க்காமலும் விட வேண்டாம்.

மீட்டெடுக்கும்போது, ஊடுருவல் தொடங்கிய நாளுக்கு முந்தைய பிரதியைத் தேர்ந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் ஏற்ற வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் பயன்படுத்தும் இடங்களில், நுழைவுச் சீட்டுகளுக்கு முத்திரையிடும் கேஆர்பிடிஜிடி என்ற உள்கணக்கின் கடவுச்சொல்லை, முதல் மாற்றம் டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாவற்றுக்கும் பரவ இடைவெளி விட்டு, இரண்டு முறை மாற்ற வேண்டும். ஒருமுறை மட்டும் மாற்றினால் முந்தைய கடவுச்சொல்லும் செல்லுபடியாகும். தாக்கியவர் போலியாகத் தயாரித்து வைத்திருக்கும் நுழைவுச் சீட்டுகள் உயிரோடிருக்கும். அவசரத்தில் பலரும் தவறவிடும் படி இது.

இனி, அடிப்படைக் காரணம். நான் உடனிருந்து பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஒவ்வோர் இரவும் காப்புப் பிரதி வெற்றிகரமாக எடுக்கப்பட்டதாக அறிக்கை வந்துகொண்டிருந்தது. அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் காப்புப் பிரதி சர்வர், மற்ற சர்வர்கள் இருந்த அதே டொமைனில் அதே நிர்வாகிக் கடவுச்சொல்லோடு இருந்தது. தாக்குதல் நாளன்று எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டது. அதைத் தனியே பிரிக்க வேண்டும் என்று பொறியாளர் ஒருவர் முந்தைய ஆண்டே எழுதிக் கேட்டிருந்தார். வேண்டாம் என்று யாரும் மறுக்கவில்லை, செய்யுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

3 பிரதிகள், 2 வகை ஊடகங்கள், அவற்றுள் 1 வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரியானதே. அதோடு, அந்த ஒரு பிரதி வலையமைப்பின் வழியே யாராலும் அழிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் ஒன்றாக அழிந்தன. கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும், அந்த நேரத்தில் அங்கே மின்தடை ஏற்பட்டிருந்ததால் தப்பியது. அதைக் கொண்டுதான் ஏறத்தாழ 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் மறுபடி கட்டப்பட்டன. அங்கே மின்தடை செய்த காப்பை, நிறுவனங்கள் திட்டமிட்டே செய்துவைத்திருக்க வேண்டும்.

எந்தப் பணி எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், எத்தனை மணி நேரத் தரவை இழந்தால் தாங்கும் என்ற இரண்டு எண்களையும் தகவல் தொழில்நுட்பப் பிரிவு தானாக முடிவு செய்யக் கூடாது. அந்தப் பணிக்குப் பொறுப்பான துறைத் தலைவரே அவற்றைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆண்டில் ஒருமுறையாவது, ஒரு முழு அமைப்பை வெறும் கணினியிலிருந்து மீட்டுக் காட்டி, உண்மையில் ஆன நேரத்தை அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். பிரதி எடுப்பதைச் சோதிக்கும் நிறுவனங்கள் பல. மீட்பைச் சோதிப்பவை சில.

பணம் கொடுப்பதா என்ற கேள்வி கட்டாயம் எழும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயினை, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 லட்சம் டாலரைக் கொடுத்துப் பெற்ற திறவுநிரல் மிக மெதுவாக ஓடியதால், தன் சொந்தக் காப்புப் பிரதிகளையே நம்ப வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட, அமெரிக்க மருத்துவக் கட்டணச் சேவை நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேர் தரப்பில் 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்ட பிறகும், திருடப்பட்ட தரவு தங்களிடம் இருப்பதாகக் கூறி இன்னொரு கும்பல் மிரட்டியது. சில கும்பல்களுக்குப் பணம் கொடுப்பது பொருளாதாரத் தடைச் சட்டங்களின் கீழ் குற்றமாகவும் ஆகலாம். ஆகவே இது நள்ளிரவில் ஒரு மேலாளர் தனியே எடுக்கக்கூடிய முடிவன்று. இயக்குநர் குழு அமைதியான ஒரு நாளில், சட்ட ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு, தன் நிலைப்பாட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: கேட்காமலேயே ஓடிபி வருகிறது, அல்லது நுழைவை ஏற்கிறீர்களா என்று அலைபேசி திரும்பத் திரும்பக் கேட்கிறது

கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. இரண்டாம் கதவு மட்டுமே அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு இப்படித் தொடர்ந்து கோரிக்கைகளை அனுப்பி, கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டதால்தான் உள்ளே போனார்.

மறுத்துவிட்டால் போதாது. உடனே கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கணக்கில் திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் (ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் இருக்கும் இணைப்புகளையும்) நிர்வாகப் பக்கத்திலிருந்து முடித்துவைக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினால் திறந்திருக்கும் அமர்வு தானாக மூடிவிடும் என்று நம்புவது பரவலான தவறு. உள்நுழைந்தவர் யார் என்று உலாவி நினைவில் வைத்திருக்கும் குக்கியைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது. பிறகு, அந்தக் கணக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்ட அலைபேசிகள், மின்னஞ்சலைப் படிக்க அனுமதி பெற்றுள்ள வெளிச் செயலிகள், மீட்பு முகவரிகள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

புதிய சாதனம் சேர்க்கப்பட்டதைப் பற்றிய அறிவிப்பை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். 2020 இறுதியில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், தீநிரல் சேர்க்கப்பட்ட, அந்த நிறுவனத்தின் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளான ஓரியனை ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் நிறுவியிருந்தார்கள். பல மாதங்கள் எவரும் அறியவில்லை. ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில், பணியாளர் ஒருவரின் பெயரில் இரண்டாவது அலைபேசி பதிவாகியிருப்பதைக் கண்டு, இது உங்களுடையதா என்று அவரையே கேட்டதும், அவர் இல்லை என்று சொன்னதும்தான் அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின. ஒரு சிறு கேள்விதான். ஆனால் அதைக் கேட்பது ஒருவருடைய வேலையாக அங்கே வகுக்கப்பட்டிருந்தது.

நிர்வாகத்தின் பக்கம் பார்த்தால், இங்கே தவறு பெரும்பாலும் கைவிடப்பட்ட கணக்குகளில் இருக்கும். கொலோனியல் பைப்லைனுக்குள் நுழைந்தவர்கள் பயன்படுத்தியது, யாரும் பயன்படுத்தாமல் விட்டுவைத்த ஒரு விபிஎன் கணக்கு. அதற்கு இரண்டாம் சரிபார்ப்பும் இல்லை. பணியாளர் விலகும் நாளிலேயே மனிதவளப் பிரிவிலிருந்து அடையாளப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. ஒப்பந்ததாரர்களின் பணியாளர்கள் மனிதவளப் பிரிவின் பட்டியலிலேயே இருப்பதில்லை என்பதால் அந்த விதி அவர்களைத் தொடுவதில்லை. ஒப்பந்ததாரர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பொறுப்பாளரின் பெயரும் முடிவு நாளும் இருந்தாக வேண்டும்.

இடையே ஒரு சொல்: 90 நாட்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் அதை விட்டுவிடலாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்திவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள்.

அறிகுறி: பழகிய வழங்குநர், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறார்

பணம் இன்னும் போகவில்லை என்றால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணில் வழங்குநரை அழைத்துக் கேட்க வேண்டும். போய்விட்டது என்றால், வேறு எதையும் ஆராய்வதற்கு முன் உங்கள் வங்கியை அழைத்துத் திரும்பப்பெறும் கோரிக்கையை வைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் நிறுத்த முடிந்த பணம் மறுநாள் கைக்கு எட்டாது.

அடுத்து, மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த போலி. முகவரி சரியாகவே இருந்து, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவும் வந்திருந்தால், உங்கள் பெட்டியோ அவர்கள் பெட்டியோ கைப்பற்றப்பட்டிருக்கிறது. உங்கள் பக்கத்தில், கணக்குப் பிரிவினரின் அஞ்சல் பெட்டிகளில் யாரும் உருவாக்காத விதிகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். விலைப்பட்டியல், பணம் போன்ற சொற்கள் உள்ள அஞ்சல்களை வெளி முகவரிக்கு அனுப்பும் விதியோ, யாரும் திறக்காத கோப்புறைக்குள் தள்ளிவிடும் விதியோ இருந்தால் அது உறுதியான தடயம். உங்கள் மின்னஞ்சல் டொமைனின் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரில்) பிறர் அஞ்சல் அனுப்புவதைத் தடுக்க, அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். டிமார்க் கொள்கையைக் கண்காணிப்பு நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது எதையும் தடுக்காது. அறிக்கைகளைப் படித்துச் சரிசெய்தபின் நிராகரிப்பு நிலைக்கு உயர்த்த வேண்டும்.

எந்த வடிகட்டியும் எல்லாவற்றையும் பிடிக்காது என்பதால், முடிவான காப்பு கணக்குப் பிரிவின் நடைமுறையில்தான் இருக்கிறது. வங்கி விவரத்தை மாற்றுபவர் ஒருவர், தொலைபேசியில் உறுதிசெய்து ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். அவசரம், ரகசியம் என்று தலைவரின் பெயரிலேயே செய்தி வந்தாலும் இந்த நடைமுறைக்கு விலக்கில்லை என்பதைத் தலைவரே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தலைவரின் குரலைப் போலவே பேசும் செயற்கைக் குரல்கள் வந்துவிட்ட காலத்தில், இந்த ஒரு பக்கச் சுற்றறிக்கைக்கு விலையுயர்ந்த கருவிகள் சிலவற்றைவிடப் பயன் அதிகம்.

அறிகுறி: பேட்ச் போட்டாயிற்று என்று அறிக்கை சொல்கிறது, வெளிச்சோதனை துளை இருக்கிறது என்கிறது

பேட்ச் என்பது மென்பொருளின் ஓட்டையை அடைக்க அதைத் தயாரித்தவர் தரும் திருத்தம். வெளிச்சோதனையை நம்புங்கள். அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் நடந்ததை ஒவ்வொரு படியாகப் பார்ப்பது பயன் தரும். இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டை 2017 மார்ச் 7 அன்று, பேட்சோடு சேர்ந்து வெளியானது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யச் சொல்லி மார்ச் 9 அன்று உள்ளுக்குள் மின்னஞ்சல் போனது. மார்ச் 15 அன்று நடந்த ஸ்கேன் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. மே நடுப்பகுதியில் தாக்குபவர்கள் தரவை எடுக்கத் தொடங்கினார்கள். ஜூலை 29 அன்றுதான் தெரிந்தது. ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் மனிதர்களின் விவரங்கள் வெளியேறின. கொள்கை இருந்தது, உத்தரவு போனது, சோதனையும் நடந்தது. அந்த மென்பொருள் எந்தெந்தச் சர்வரில் ஓடுகிறது, அதற்கு உரிமையாளர் யார் என்ற முழுமையான பட்டியல் மட்டும் இல்லை.

எனவே பேட்ச் பற்றிய ஒவ்வொரு அறிக்கையிலும், இது மொத்தம் எத்தனை சாதனங்களுக்கான அறிக்கை, அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மேலாண்மைக் கருவியில் பதிவானவற்றுள் 98 விழுக்காடு என்பதற்கும், வலையமைப்பில் உண்மையில் உயிரோடிருப்பவற்றுள் 98 விழுக்காடு என்பதற்கும் இடையிலுள்ள சாதனங்களில்தான் ஆபத்து குடியிருக்கிறது. வலையமைப்பு ஸ்கேன், கணினிகளுக்கு வலையமைப்பு முகவரி வழங்கும் சர்வரின் பதிவு, கொள்முதல் பிரிவின் பட்டியல், இணையவழி வாடகைக்கு எடுத்த மேகக் கணினிக்கு வரும் மாதக் கட்டணப் பட்டியல் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத சர்வர்கள் கிடைக்கும். 2021 டிசம்பரில், பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பான (நூலகமான) லாக்4ஜேயின் ஓட்டை வெளிவந்தபோது இந்தச் சிக்கல் இன்னொரு தளத்துக்குப் போனது: பிற மென்பொருள்களின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த அந்த நூலகம் தங்களிடம் இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது. மென்பொருள் வாங்கும்போதே அதன் உட்கூறுகளின் பட்டியலைக் கேட்டுப் பெறுவது கொள்முதல் நிபந்தனையாக வேண்டும்.

பேட்ச் போட முடியாத பழைய இயந்திரங்கள் எங்கும் உண்டு. மருத்துவக் கருவி, ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி போன்றவற்றை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது உண்மைதான். அவற்றைத் தனி வலையமைப்பில் ஒதுக்கி, தேவையான வாயில்களை மட்டும் திறந்து வைக்க வேண்டும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அறிகுறி: எச்சரிக்கைகள் மிக அதிகம், அல்லது ஒன்றுமே வருவதில்லை

இரண்டில் மௌனத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். ஈக்விஃபேக்ஸில் மறையாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால் அது எதையும் பார்க்காமல் இருந்தது. சான்றிதழைப் புதுப்பித்த அன்றே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. எச்சரிக்கை வராத கருவிக்கு வாரம் ஒருமுறை, தீங்கற்ற ஒரு சோதனை நிகழ்வை நாமே உருவாக்கி, அது கண்காணிப்புத் திரைவரை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ்களின் காலாவதி நாட்கள் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். நினைவூட்டல் தனிமனிதர் ஒருவரின் பெட்டிக்குப் போகாமல் குழுவின் பெட்டிக்குப் போக வேண்டும்.

அதிகமாக வருவதும் நோய்தான். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, கண்டறியும் கருவி எச்சரித்திருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. கடந்த மாதம் வந்த எச்சரிக்கைகளை வகைப்படுத்தி, யாரும் எந்தச் செயலும் செய்யாமல் மூடிய வகைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றை ஒன்று சீர்செய்ய வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும். நிறுத்துவதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அறிகுறி: எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டன

தாக்குதல் என்று முடிவு கட்டுவதற்கு முன், அண்மையில் எந்தப் புதுப்பிப்பு வந்தது என்று பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் கணிப்பின்படி, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அதில் எந்த எதிரியும் இல்லை. பழுதைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு ஏறத்தாழ 78 நிமிடம் ஆனது. விழுந்த கணினிகளை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் நிலையில்) திறந்து ஒரு கோப்பை நீக்க வாடிக்கையாளர்களுக்குப் பல நாட்கள் ஆயின. வட்டு மறையாக்கத்தின் மீட்புச் சாவிகளை, விழுந்துவிட்ட சர்வரிலேயே வைத்திருப்பவரின் நிலை இன்னும் கடினம். அந்தச் சாவிகளின் ஒரு பிரதியை வெளியே, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். புதுப்பிப்புகள் முதலில் சிறு குழுவுக்கும், பிறகே எல்லாருக்கும் போகும்படி அமைக்க வேண்டும். வழங்குநர் அந்த வசதியைத் தரவில்லை என்றால் ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது கேட்க வேண்டிய முதல் நிபந்தனை அதுவே.

அறிகுறி: யாருக்கு, எப்போது தெரிவிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை

சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, தனிமனிதத் தரவு கசிந்ததை அறிந்ததிலிருந்து 72 மணி நேரம். அங்கே இன்றியமையாத் துறைகளுக்கான என்ஐஎஸ்2 நெறிமுறையில் முதல் தகவலுக்கு 24 மணி நேரம். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, சம்பவம் முதலீட்டாளருக்கு முக்கியமானது என்று முடிவு செய்ததிலிருந்து 4 வேலை நாட்கள். இந்தியாவில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரம். பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்துக்கு இவை அனைத்தும் ஒரே சம்பவத்தில் பொருந்தலாம். தங்களுக்குப் பொருந்தும் விதிகளைச் சட்டப் பிரிவு ஒரே அட்டவணையில் எழுதி, கடிகாரம் எந்தச் செயலால் தொடங்குகிறது என்பதையும் குறித்து வைத்திருக்க வேண்டும். முதல் அறிக்கையில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லி, மற்றதைப் பின்னர் சேர்க்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் அவர்கள் உடனே என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். நிறுவனத்தின் வருத்தம் பிறகு வரட்டும்.

அறிகுறி: இடர்ப் பதிவேட்டில் எல்லாமே பச்சையாக இருக்கிறது

இடர்ப் பதிவேடு என்பது நிறுவனம் அறிந்த ஆபத்துகளை எழுதி, கட்டுக்குள் இருப்பதைப் பச்சையாலும் இல்லாததைச் சிவப்பாலும் குறிக்கும் பட்டியல். எந்தத் திரையிலும் பிழைச்செய்தியாக வராத அறிகுறி இது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியது இங்கேதான். நிஸ்ட் தன் பாதுகாப்புக் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பை 2024 பிப்ரவரியில் வெளியிட்டபோது, அடையாளம் காணுதல், பாதுகாத்தல், கண்டறிதல், எதிர்வினையாற்றுதல், மீட்டல் என்று முன்பிருந்த ஐந்து பணிகளோடு ஆளுகை என்ற ஆறாவது பணியைச் சேர்த்தது. மற்ற ஐந்துக்கும் நடுவே அதை வைத்தது. பத்தாண்டு அனுபவத்துக்குப் பின் வந்த அந்தத் திருத்தம் சரியானது என்றே கருதுகிறேன்.

பச்சை எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி தொழில்நுட்பத் தலைவருக்குக் கீழே இருந்து, அவர் வழியாக மட்டுமே இயக்குநர் குழுவுக்கு அறிக்கை அனுப்புகிறார் என்றால், திட்டங்களைத் தாமதப்படுத்தும் செய்தி மேலே போகும் வழியில் மங்கிவிடும். ஆண்டில் சில முறையாவது அவர் குழுவை நேரடியாக, மற்ற நிர்வாகிகள் இல்லாமல் சந்திக்க வேண்டும். குழுவிடம் காட்டப்படும் எண்கள் தடுக்கப்பட்ட தாக்குதல்களின் எண்ணிக்கையாக இருந்தால் அவற்றால் எந்த முடிவும் எடுக்க முடியாது. கடைசி மீட்புச் சோதனைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, முக்கியமான ஓட்டைகள் எத்தனை நாள் திறந்திருந்தன, உரிமையாளர் இல்லாத அமைப்புகள் எத்தனை என்ற எண்களைக் கேட்க வேண்டும்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட இடர் என்று குறிக்கப்பட்ட வரிகளைத் தனியே எடுங்கள். இடரை ஏற்பது தவறன்று. எந்த நிறுவனமும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது. ஆனால் ஏற்றவர், அந்த இழப்பைத் தாங்கும் அதிகாரமும் நிதிப்பொறுப்பும் உள்ளவராக இருக்க வேண்டும். ஏற்பு முடிவடையும் நாளும் இருக்க வேண்டும். அந்த நாள் வந்தால் வரி தானாகவே மறுபடி குழுவின் முன் வர வேண்டும். நான் குறிப்பிட்ட காப்புப் பிரதி சர்வர் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தது. நிறம் பச்சை, உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு துறையின் பெயர்.

பதிவேட்டின் முதல் பச்சை வரியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மனிதர் ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அவரை அழைத்து, பச்சைக்கான சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுத்த சோதனை முடிவு, கட்டமைப்பின் நகல், கையெழுத்திட்ட ஏற்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பெயரோ சான்றோ கிடைக்காவிட்டால் நிறத்தைச் சிவப்பாக்கி, அன்றைய தேதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போங்கள்.